கொமாகி மாஸ்டரை வெட்டியவள்

ஆறாம் டான் பட்டத்துக்கான தேர்வில் மியாகே தொகிகோ மூன்றாவது முறையாகத் தோற்றுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, கொமாகி மாஸ்டர் அவளைப் பயிற்சிக்கூடத்தின் நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் கேட்கும்படியாக விசாரித்தார்.

“நடுவர்கள் என்ன சொன்னாங்க?”

“எதிரி தெரியலைன்னு சொன்னாங்க, மாஸ்டர்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பேசுவதற்கு முன் செருமுவது வழக்கம். செருமி முடித்துவிட்டுப் பேசலாமா என்று யோசித்து, இன்னொரு முறை செருமுவதும் வழக்கம்.

“அதைத்தானே நானும் சொல்லிட்டே இருக்கேன். வாளை உருவுற, சரி. வெட்டுற, அதுவும் சரி. யாரைம்மா வெட்டுற? பாக்கிறவன் கண்ணுக்கு எதிர்ல ஒருத்தன் உக்காந்திருக்கிறது தெரியணும். அவன் கை வாள்பிடிக்குப் போறது தெரியணும். வெட்டினா அவன் சாயறது தெரியணும். உன் எதிர்ல வெறும் தரைதான் இருக்கு. அதுவும் நேத்து மெழுகின தரை.”

பின்வரிசையில் நிஷிமோரி சிரித்தான். அவன் வங்கியில் வேலை பார்ப்பவன். முப்பத்து நாலு வயது. இரண்டாம் டான்.

“சரி, போய் டீ போடு,” என்றார் மாஸ்டர்.

வாளுருவும் கலையில் யாரும் யாரையும் தொடுவதில்லை. தனியாக மண்டியிட்டு உட்கார வேண்டும். இல்லாத ஒருவன் கொல்ல வருவதாக எண்ணிக்கொண்டு, அவன் உருவுவதற்குள் உருவி, வெட்டி, வாளில் படாத ரத்தத்தை உதறி, உறையில் போட்டுவிட்டு வணக்கம் சொல்ல வேண்டும். இப்படி வகுத்துவைத்த வெட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் ‘முறை’ என்று பெயர். கொமாகி மாஸ்டர் ஐம்பது வருஷமாக இப்படிக் கொன்று குவித்துக்கொண்டிருந்தார். வெளியில் அவர் கையால் ஒரு கொசு செத்ததாகக்கூடத் தகவல் இல்லை. உள்ளூர்த் தபால் நிலையத்துக்கு அப்பாவுக்குப் பிறகு அதிகாரியாகி, ஓய்வும் பெற்றுவிட்டவர். ஏழாம் டான். இந்தக் கோச்சி மாகாணத்து மண்ணில் பிறந்தவன் இடுப்பில் வாளோடு பிறந்தவன் என்று மேடைக்கு மேடை சொல்வார். அவர் பிறந்தது ஒசாகாவில், அத்தை வீட்டில். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

தொகிகோ ஐந்தாம் டான். அந்தக் கூடத்தில் மாஸ்டருக்கு அடுத்த படியில் இருந்தவள் அவள்தான். ஆனாலும் சேர்ந்த நாளிலிருந்து டீ அவள்தான் போட்டாள். ஆண்கள் எவ்வளவு சின்னவர்களாக இருந்தாலும் மாஸ்டர் அவர்களை ‘வாங்க, போங்க’ என்பார். தொகிகோ மட்டும் ‘வாம்மா, போம்மா’. அதில் பாசம் இருப்பதாக அவர் நம்பினார்.

அவள் வேலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். நாள் முழுக்க, யாரோ ஒருவர் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது பக்கத்து இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் பக்கம் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக் மட்டும். நாற்பது வயதில் ஒருநாள், வாழ்க்கையில் தானாக ஒரு காரியத்தைத் தொடங்கியே வெகுநாளாயிற்று, பிறர் தொடங்கியதை நிறுத்துவதுதான் பிழைப்பாகப் போயிற்று என்று தோன்றியது. அந்த வாரமே இந்தக் கூடத்தில் சேர்ந்தாள்.

மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். போன டிசம்பரில் நடந்த வருஷக் கடைசி விருந்துதான் உள்ளே தங்கிவிட்டது. வைக்கோல் தீயில் வாட்டிய சூரைமீன் தட்டுகள் காலியாகி, சாக்கே மதுக் குப்பிகள் உருண்டுகொண்டிருந்த நேரத்தில், மாஸ்டர் எழுந்து, துணை ஆசிரியராக நிஷிமோரியை நியமிப்பதாக அறிவித்தார்.

“மூப்புப்படி பாத்தா தொகிகோதான் வரணும். ஆனா பொம்பளை துணை ஆசிரியர்னா வெளியூர்க்காரங்க என்ன நினைப்பாங்க? தொகிகோ கோவிச்சுக்க மாட்டா. அவ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. என்னம்மா?”

“ஆமாம், மாஸ்டர்,” என்று சொல்லி, அவர் கிண்ணத்தை நிரப்பினாள். விளிம்பு வரை நிரம்பியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தக் கை நடுங்காததை நினைத்துத்தான் அவளுக்கு இன்றுவரை எரிச்சல்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு, எதிரிக்கு ஒரு முகம் வைத்துக்கொள் என்று மாஸ்டரே யோசனை சொன்னார். “நிஜமான ஆளா இருக்கணும். உனக்கு ஆகாதவன் யாராவது இருப்பான்ல?”

தொகிகோ முயன்றாள். பள்ளி மேலாளரை எதிரில் உட்கார வைத்தாள். அவர் வாளை எடுக்காமல், விடுப்பு யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கேட்டார். எரியும் குப்பையை எரியாத குப்பை எடுக்கும் நாளில் வைத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துப் பார்த்தாள். அவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்பவனை எப்படி வெட்டுவது? அவள் ஓட்டிக் காட்டச் சொன்னபோது சோபா கடைக்குள் வண்டியை விட்ட மாணவனையும் கூப்பிட்டுப் பார்த்தாள். பாவம், அவன் ஏற்கெனவே பயந்திருந்தான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் ஈரத்தில் ஊறிய மரத்தின் வாசனை. மாஸ்டர் டீயை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

“கசக்குது. மனசு எங்கம்மா இருக்கு? டீயிலயே இல்லாத மனசு வாள்ல எப்படி வரும்? முதல் முறையைச் செஞ்சு காட்டு.”

தொகிகோ ஹகாமா என்னும் அகலக் கால்சட்டையின் மடிப்பைத் தட்டி ஒதுக்கி, மண்டியிட்டு உட்கார்ந்தாள். யாரையும் நினைக்கவில்லை. நினைக்கும் அளவுக்குத் தெம்பும் இல்லை. அப்போதுதான் அவன் வந்தான். அழைக்காமலே வந்து எதிரில் உட்கார்ந்தான். முதலில் தெரிந்தது உயர்ந்த இடது தோள். பிறகு குள்ளமான உடம்பு. கை வாள்பிடிக்குப் போவதற்கு முன் அவன் தொண்டையைச் செருமினான். தொகிகோ செருமல் முடியும்வரை காத்திருந்தாள். அது மரியாதை. அவன் இரண்டாவது செருமலுக்கு வாயைத் திறந்தபோது உருவினாள்.

வாள் உறையிலிருந்து வந்ததும் தெரியவில்லை, குறுக்கே போனதும் தெரியவில்லை. தலைக்கு மேல் ஏறி இறங்கியபோது மட்டும் காற்று கிழிந்த ஒலி கேட்டது. ரத்தத்தை உதறியபோது, பக்கத்தில் நின்றிருந்த நிஷிமோரி தன் ஹகாமாவில் பட்டுவிடும் என்பதுபோல விலகினான்.

மாஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“இதுதான்,” என்றார். “இதுதான் எதிரி. எனக்கே தெரிஞ்சான். யாரு அது?”

“ஒரு… தெரிஞ்ச ஆளு, மாஸ்டர்.”

“சரியான தலைக்கனம் புடிச்ச பய. உன்னை ஒரு பொருட்டாவே மதிக்காம வந்து உக்காந்தான் பாரு. நல்லா வெட்டின. வேணும் அவனுக்கு.”

“நன்றி, மாஸ்டர்,” என்றாள் தொகிகோ.

அந்தக் கோடை முழுக்க அவள் கொமாகி மாஸ்டரைக் கொன்றாள். உட்கார்ந்தபடி கொன்றாள், நின்றபடி கொன்றாள், நடந்துபோகிற போக்கில் திரும்பிக் கொன்றாள். மூன்று பேர் ஒரே சமயத்தில் பாய்ந்து வரும் முறை ஒன்று உண்டு. அதில் மூன்று கொமாகிகள் வந்தார்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்பவனுக்குப் பின்னால் நின்று, அவன் வேதனைப்படாமல் தலையைக் கொய்து உதவும் முறையும் உண்டு. அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. கழுத்தைத் தேடுவதுபோல் சற்றுத் தாமதித்தாள். அந்தத் தாமதத்தை மாஸ்டர் வெகுவாகப் பாராட்டினார்.

வினோதம் என்னவென்றால், நிஜ மாஸ்டரிடம் அவளுக்கு இருந்த கடுப்பெல்லாம் குறைந்துவிட்டது. திருப்தியாகக் கொன்று முடித்த ஆளுக்கு டீ ஊற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. புன்னகையோடு ஊற்றினாள். “பக்குவம் வந்துடுச்சு,” என்று மாஸ்டர் மற்றவர்களிடம் சொன்னார். “என் கண்ணு முன்னாடியே வந்துச்சு.”

இலையுதிர்காலத்தில் ஒசாகாவில் தேர்வு. பெரிய விளையாட்டு அரங்கத்தில் நடுவர்கள் மேசைக்குப் பின்னால் வரிசையாக, எழுந்துபோக மனமில்லாத மலைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். தொகிகோ வணங்கினாள், மண்டியிட்டாள். மாஸ்டர் வந்தார். செருமினார். செத்தார். பிறகு மறுபடி வந்தார்; தேர்வுக்குக் கொடுத்திருந்த எல்லா முறைகளிலும் அலுக்காமல் செத்தார். மாலையில் தேறியவர்கள் பலகையில் அவள் எண் இருந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில் ஒகாயாமாவில் ரயில் மாற வேண்டும். நடைமேடையில் நின்றபடியே சாப்பிடும் நூடுல்ஸ் கடையில் ஒரு கிண்ணம் உதோன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்து அவள் கையிலிருந்த குழம்பு தளும்பியது. நடுவர்களில் ஒருவர். எட்டாம் டான் ஹியோதோ.

“வணக்கத்தை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல சாப்பிடுங்க,” என்றார் அவர். “நான் தகமாத்சுக்காரன், உதோனுக்குப் பேர்போன ஊரு. இதையெல்லாம் உதோன்னு சொல்லி விக்கிறானேன்னு நானும் துக்கத்தோடதான் சாப்பிட்டுட்டிருக்கேன்.”

இருவரும் சற்று நேரம் உறிஞ்சினார்கள்.

“இன்னைக்கு ஒரு ஆளைக் கொன்னீங்களே,” என்றார் ஹியோதோ. “குள்ளமா, இடது தோளைத் தூக்கிட்டு. உருவறதுக்கு முன்னாடி செருமுவான்.”

தொகிகோ குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“பக்கத்துல இருந்த நடுவர் கேட்டாரு, ஏன் இந்தம்மா வாளை உருவாம அங்க ஒரு நொடி காத்திருக்காங்கன்னு. அந்த ஆளு வாயைத் திறந்தா அவ்வளவு நேரம் ஆகும், அதான்னு சொன்னேன்.” கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “கொமாகி சௌக்கியமா இருக்கானா?”

“ஐயா, தயவுசெஞ்சு இதை…”

“பயப்படாதீங்க. நானும் அவனும் ஒரே மாஸ்டர்கிட்ட படிச்சவங்க. எங்க மாஸ்டரை நான் முப்பது வருஷம் வெட்டினேன். எட்டாம் டான் வாங்கினதே அவரை வெட்டித்தான். அவர் செத்தப்ப பெத்த பிள்ளைங்களைவிட அதிகமா அழுதது நான். வேற என்ன பண்றது, அதுக்கப்புறம் எனக்கு ஆள் இல்ல.”

தொகிகோவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எங்க மாஸ்டர் யாரை வெட்டுறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கொமாகியா? அவனுக்கு எதிர்ல கண்ணாடியைத் தவிர வேற எதுவும் இருந்ததில்ல. அதை வெட்டவும் அவனுக்கு மனசு வராது. அதனாலதான் ஏழாம் டான்லயே நிக்கிறான்.”

யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று ஹியோதோ சத்தியம் செய்தார். மறுநாள் காலை, பல் துலக்கிய கையோடு கொமாகிக்குத் தொலைபேசியில் பேசினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொகிகோ கூடத்துக்குள் நுழைந்தபோதே ஏதோ நடந்திருப்பது தெரிந்தது. எல்லாரும் முன்னதாகவே வந்து, முட்டி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் மேற்கு ஓரத்தில் தன் இடத்தில் இருந்தார். ஏதோ வலிப்பவர்போல விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தேறியதற்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு செரும வாயெடுத்து, பாதியில் நிறுத்தி விழுங்கிக்கொண்டார்.

“ஹியோதோ பேசினான்,” என்றார். “என்னை வெட்டினியாமே.”

மறைக்க வழியில்லை. “ஆமாம், மாஸ்டர்.”

“எப்பலேருந்து?”

“மழைக்காலத்துலேருந்து.”

நிஷிமோரி தரையைப் பார்த்தான். தரை மெழுகப்பட்டிருந்தது. இப்போது வெளியே போ என்பார், வாளை வைத்துவிட்டுப் போ என்பார் என்று தொகிகோ காத்திருந்தாள். மாஸ்டர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அவரைக் குடைந்துகொண்டிருந்தது வேறு.

“முதல் முறையில என் கை எதுவரைக்கும் வந்துச்சு?”

“வாள்பிடி வரைக்கும்.”

“பிடிச்சேனா?”

“தொட்டீங்க.”

“உருவலையா?”

“உருவ நேரமில்ல, மாஸ்டர்.”

“நேரமில்லையாம்,” மாஸ்டர் வரிசையைப் பார்த்துச் சொன்னார். “ஏழாம் டான்காரன். வாள்பிடியைத் தடவிட்டு உக்காந்திருந்தானாம். ஒரு அங்குலமாவது உருவியிருக்க மாட்டேனா? நிஷிமோரி, நீங்க சொல்லுங்க.”

“கண்டிப்பா ஒரு அங்குலம் உருவியிருப்பீங்க, மாஸ்டர்,” என்றான் நிஷிமோரி. “ரெண்டுகூட.”

“மூணு பேர் வர்ற முறையில நான் யாரு? முன்னாடி வர்றவனா, பின்னாடி வர்றவனா?”

“மூணு பேரும் நீங்கதான், மாஸ்டர்.”

“மூணு பேரையுமா வெட்டின?”

தொகிகோ தலையசைத்தாள். மாஸ்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது. அவர் எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தார். வாள் எட்டும் தூரத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு அப்பால் உட்கார்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

“வா. இல்லாதவனை யார் வேணும்னாலும் கொல்லலாம். நான் நிஜமாவே உக்காந்திருக்கேன், இப்ப உருவு பாக்கலாம்.”

தொகிகோ அவர் எதிரில் மண்டியிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மாஸ்டரை அவள் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. உச்சந்தலையில் பழுப்புப் புள்ளிகள். கழுத்துப்பட்டியில் காலை உணவின் சோயாக் கறை. வலிக்கு ஒட்டும் பட்டையின் கற்பூர நெடி அவள்வரை வந்தது. ஹியோதோவின் ஃபோனுக்குப் பிறகு தோளை நேராக வைத்துக்கொள்ள இவர் வாரம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அரைநூற்றாண்டாக எவராலும் திருத்த முடியாத தோள்.

அவள் கோடை முழுக்க வெட்டியவன் இவரைவிட எவ்வளவோ பெரியவன். நல்ல எதிரி. அவனை எங்கே என்று தேடினாள். அவன் இந்தக் கிழவருக்குப் பின்னால் எங்கோ மறைந்துகொண்டான். அவள் உருவியபோது சட்டைக்கை வாளின் கைக்காப்பில் மாட்டியது. வாள் தயங்கித் தயங்கி வந்து, நுனி ஆடியபடி காற்றில் நின்றது. முதல் வாரத்து மாணவிகூட அப்படி உருவமாட்டாள்.

மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தோள் தன் பழைய இடத்துக்கு ஏறியது.

“பாத்தீங்களா? எல்லாரும் பாத்தீங்களா? நான் நிஜமா உக்காந்தா கை வரலை. இதுதான் ஏழாம் டானுக்கும் ஆறாம் டானுக்கும் உள்ள வித்தியாசம்.”

வரிசை முழுவதும் தலையாட்டியது. தொகிகோ வாளை உறையில் போட்டுக் குனிந்து வணங்கினாள். அவமானம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உடம்பு லேசாக இருந்தது. இவருக்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன் என்ற நினைப்புதான் வந்தது. கூடவே குரலும் வந்தது. சுவர் நெருங்கும்போது மாணவரிடம் “பிரேக்” என்று சொல்வாளே, உயராத, அவசரப்படாத அந்தக் குரல்.

“மாஸ்டர், இன்னைக்கு டீ நிஷிமோரி போடட்டும்.”

வேறொரு நாளாயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. வெற்றி பெற்றவனுக்கு எதையும் கொடுக்கத் தோன்றும். “போடட்டும், போடட்டும்,” என்று மாஸ்டர் கையை வீசினார். “நிஷிமோரி, போடுங்க.”

நிஷிமோரி எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் சமையல் மூலையிலிருந்து தலையை நீட்டினான்.

“டீத்தூள் எங்க இருக்கு?”

தெரிந்தவள் ஒருத்திதான், அவள் கூரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் எதையோ கண்டுபிடித்துக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தான். நிறம் இருந்தது, மணம் இல்லை. அதில் டீ இருப்பதாகப் பாவித்து எல்லாரும் குடித்தார்கள். இல்லாததை இருப்பதாகப் பாவிப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த மாதமே மாவட்டச் சங்கக் கூட்டத்தில் கொமாகி மாஸ்டர் எழுந்து பேசினார். மாணவர்களுக்கு எதிரி தெரியவில்லை என்று மற்ற ஆசிரியர்கள் புலம்புகிறார்கள், தாமோ தம் உயிரையே எதிரியாக மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தாமே யோசித்துக் கண்டுபிடித்த முறை என்றார். பலத்த கைதட்டல். கூடத்தில் இனி எல்லாரும் தம்மைத்தான் வெட்ட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். நிஷிமோரியால் முடியவில்லை. எதிரில் மாஸ்டர் வந்து உட்கார்ந்ததும் அவன் குனிந்து வணங்கிவிட்டான். இன்னொருவர், வெகுகாலமாகத் தன் மாமியாரை வெட்டிக்கொண்டிருப்பதாகவும், இந்த வயதில் ஆளை மாற்றச் சொன்னால் கஷ்டம் என்றும் தனியாக வந்து கேட்டுக்கொண்டார்.

ஆறாம் டான்காரர்கள் உள்ளூர்த் தேர்வுகளில் நடுவராக உட்காரலாம். வசந்தத்தில் நிஷிமோரிக்கு மூன்றாம் டான் தேர்வு. நடுவர் வரிசையில் தொகிகோவும் இருக்கலாம் என்று யாரோ சொல்லி அவனுக்குத் தெரியவந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் போடும் டீயில் நல்ல முன்னேற்றம். முதல் கிண்ணத்தை மாஸ்டருக்கா தொகிகோவுக்கா யாருக்கு வைப்பது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினான். இரண்டு கைகளிலும் இரண்டு கிண்ணங்களை எடுத்து ஒரே நேரத்தில் வைக்கப் பழகிக்கொண்டான்.

தொகிகோவின் கணவர் ஷூசோவுக்கு இதெல்லாம் தன் சைக்கிள் கடையில் காற்றடிக்க வந்தவர்கள் மூலமாகத்தான் தெரியவந்தது. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், யூசு எலுமிச்சை பிழிந்த மீன் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

“மாஸ்டரை வெட்டித்தான் தேறினியாமே.”

“ஊரே சொல்லுதாக்கும்.”

“ஆமா.” அவர் மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “ஆள் தேடுறப்ப… என்னையும் எப்பவாவது வச்சுப் பாத்தியா?”

தொகிகோ சோற்றை மென்று விழுங்கினாள்.

“ஒரு தடவை பாத்தேங்க. நீங்க உக்காரவே மாட்டேங்கிறீங்க. நான் வாளைத் தொடறதுக்குள்ள எழுந்துபோய் பேஸ்பால் மேட்ச் போட்டுட்டீங்க.”

ஷூசோ அதை யோசித்துப் பார்த்தார். நிம்மதிப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மீன் துண்டை மறுபடி எடுத்துக்கொண்டு, “அந்த மேட்ச்ல யார் ஜெயிச்சாங்க?” என்று கேட்டார்.